பேரத்தில் போன ஏழடி

மெத்தைக் கடை ஹபீபுர் ரஹ்மானிடம் ஓர் எண்ணைச் சொல்லிவிட்டு, அது அதே எண்ணாகத் திரும்பி வரும் என்று எதிர்பார்க்கிறவர் வெளியூர்க்காரராகத்தான் இருக்க வேண்டும். தி.நகரில் அவர் கடை இருக்கிற சந்து முழுக்க இது தெரியும். டாக்டர் பத்து நாளைக்கு மாத்திரை என்றால் ஆறு நாளில் முடித்துக்கொடுங்கள் என்பார். ரத்த அழுத்தம் நூற்று அறுபது என்று சொன்ன அதே டாக்டரிடம், "பழகின ஆளுங்க நாம, நூத்தி நாப்பதா போட்டுக்குங்க" என்று மல்லுக்கட்டி, டாக்டரும் அசந்துபோய் நூற்று ஐம்பது என்று எழுதிக்கொடுத்ததாகப் பேச்சு உண்டு. இதிலெல்லாம் என்ன மிச்சம் என்று கேட்கக் கூடாது. சொன்ன எண் குறையாமல் அவர் வாசலைத் தாண்டிப் போனால் அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்காது.

மயிலாப்பூரில் கச்சேரி ரோட்டுக்குப் பின்னால் வீடு கட்டியபோதும் இதே கதைதான். தரைக்கு மேல் மூன்று மாடி கேட்டார். இரண்டுக்கு மேல் அனுமதி கிடைக்காது என்று இஞ்சினியர் ஒரேயடியாகச் சொல்லிவிட்டார். ஹபீப் பாய் அரை மணி நேரம் யோசித்து, "சரி, மேல குடுக்க முடியலைன்னா கீழ ஒண்ணு குடு" என்றார். அப்படிப் பேசி வாங்கியதுதான் பேஸ்மென்ட். கடைச் சரக்கு எல்லாம் அங்கேதான் இருக்கும்.

ஆகஸ்டில் மழைநீர் சேகரிப்புக்கு உறைகிணறு இறக்க மெஹபூப் பாஷா வந்தார். சிமென்ட் உறைகளை ஒன்றின்மேல் ஒன்றாக மண்ணுக்குள் இறக்கி, மேலே ஜல்லியும் மணலும் போட்டு, மொட்டைமாடிக் குழாயை அதற்குள் விட்டுவிட்டுப் போவது அவர் தொழில். கூலியைப் பாதியாக்கி முடித்தபோது ஹபீப் பாய்க்கு அப்போதுதான் உடம்பு சூடேறியிருந்தது. அந்த நேரம் பார்த்துப் பாஷா வாயைத் திறந்தார்.

"பேஸ்மென்ட் செவுத்துலேர்ந்து பத்தடி தள்ளி எறக்கணும் பாய். கிட்ட வெச்சா தண்ணி பூமிக்குள்ள பரவி..."

பரவி என்ன ஆகும் என்பது ஹபீப் பாயின் காதில் ஏறவில்லை. பத்து என்பது மட்டும் ஏறியது.

"பத்தா? பாஷா, என்னைப் பாத்தா புது மாப்பிள்ளை மாதிரி தெரியுதா? ரெண்டு."

"இது துட்டு இல்ல பாய். தூரம்."

"தூரம் மட்டும் சும்மாவா வருது? மயிலாப்பூர்ல அடி இன்னா வெலைன்னு தெரியும்ல. ரெண்டு."

"ஒம்போது வெச்சுக்கோங்க."

"ரெண்டே கால்."

பாஷாவும் பேரத்தில் பிறந்து பேரத்தில் வளர்ந்தவர்தான். முதல் பத்து நிமிடம் அவருக்குக் கிணறு ஞாபகம் இருந்தது. அடுத்த பத்தில் சுவர் மறந்துபோனது. அரை மணி கழிந்தபோது, தங்களுக்கு நடுவில் இருப்பது ஆடா, அண்டாவா என்பதே இருவருக்கும் விளங்கவில்லை. "மூணு. இதுக்கு மேல ஒரு வெரக்கடை கெடையாது" என்று ஹபீப் பாய் எழுந்துவிட, பாஷா கையை நீட்டினார், இவர் பிடித்தார். டீ வந்தது. ஏழடி லாபம் என்று அன்று முழுக்க ஹபீப் பாய் சீட்டியடித்துக்கொண்டு திரிந்தார்.

நவம்பரில், ஒரு சனிக்கிழமை இரவு தொடங்கிய மழை ஞாயிறு காலையிலும் விடவில்லை. ஹபீப் பாய் குடையைப் பிடித்துக்கொண்டு உறைகிணற்றுப் பக்கத்தில் போய் நின்றார். மாடித் தண்ணீர் முழுக்கக் குழாய் வழியாக இறங்கி, ஜல்லியில் சலசலத்து உள்ளே போனது. ஒரு சொட்டு வீணாகவில்லை. கோடையில் தண்ணீர் லாரிக்காரனிடம் கெஞ்சுகிற தெருவில், தன் வீட்டுக்குள் மட்டும் ஆகாயமே வந்து சரக்கு இறக்கிவிட்டுப் போகிறது என்று நினைக்க அவருக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

பேஸ்மென்டிலிருந்து அவர் மனைவி ஷகீலா மேலே ஏறி வந்தாள்.

"என்னங்க, கீழ தரை வேர்க்குது."

"தரை எப்படி வேர்க்கும்?"

"நீங்களே வந்து அதுகிட்ட கேளுங்க."

போய்ப் பார்த்தார். உறைகிணறு இருந்த பக்கத்துச் சுவர் முழங்கால் உயரத்துக்கு நனைந்து பளபளத்தது. சுவரும் தரையும் சேர்கிற மூலையில் தண்ணீர் அவசரமே இல்லாமல், வாடகை கொடுத்து வந்தது போல ஊறிக்கொண்டிருந்தது. அதற்கு நாலடி தள்ளி நூற்று நாற்பது மெத்தைகள் அடுக்கியிருந்தன.

அடையாறில் புதிதாகத் திறக்கிற பெண்கள் விடுதிக்கான மெத்தைகள் அவை. அத்தனையும் இலவம்பஞ்சு. விடுதிப் பொறுப்பாளர் சூடாமணி அம்மாள், ஃபோம் மெத்தைக்காரனையும் பக்கத்து நாற்காலியில் உட்காரவைத்துக்கொண்டு, "மழைக்காலமா இருக்கே பாய், பஞ்சு தாங்குமா?" என்று கேட்டிருந்தார். "என் சரக்குல ஒரு பொட்டு ஈரம் பாத்தீங்கன்னா ஆர்டரை இவருக்கே குடுத்துடுங்கம்மா. நான் கடையை இழுத்து மூடிட்டுப் போறேன்" என்று ஹபீப் பாய் மார்தட்டியிருந்தார். ஃபோம்காரன் அதைத் தன் செல்போனில் பதிவு செய்து வைத்திருந்தான். இலவம்பஞ்சு ஒருமுறை நனைந்துவிட்டால், காய்ந்த பிறகும் கட்டி கட்டியாகத்தான் கிடக்கும். அதில் படுப்பதும் புளி மூட்டைமேல் படுப்பதும் ஒன்று. புதன்கிழமை காலை லாரி. நூற்று நாற்பதும் நனையாமல் ஏறியாக வேண்டும். இல்லையென்றால் அடையாறு முழுக்க அந்தப் பதிவு ஒலிக்கும்.

லாரியை முன்னாலேயே கூப்பிட்டுப் பார்த்தார். லாரிக்காரன் தெருமுனை வரை வந்து அங்கே நிற்கிற தண்ணீரைப் பார்த்துவிட்டு, அங்கிருந்தே "படகு வெச்சுக்கோ பாய்" என்று போனை வைத்துவிட்டான். இருபது மெத்தையை வீட்டுக்குள் ஏற்றினார்கள். கட்டில், பீரோ உச்சி, சாப்பாட்டு மேஜை எல்லாம் மெத்தை. இருபத்தோராவது மெத்தை வந்தால் தான் வெளியே போவதாக ஷகீலா சொன்னாள். மீதியைச் செங்கல் வைத்துத் தூக்கினார்கள். ஒரு வரிசை வைத்தார்கள், தண்ணீர் வந்தது. இரண்டாவது வரிசை வைத்தார்கள், அதற்கும் வந்தது. மூன்றாவது வரிசையில் மேல் மெத்தை கூரையில் போய் முட்டிக்கொண்டது. இனிமேல் மெத்தைக்கு மேலே போக வழியில்லை, தண்ணீருக்கு மட்டும் இருந்தது.

மோட்டார் போட்டார்கள். இறைத்த தண்ணீரை எங்கே விடுவது? தெருவில் விடலாமென்றால், பழைய ரோட்டைச் சுரண்டாமல் அதன்மேலேயே போட்டுப் போட்டுத் தெரு இப்போது வீட்டைவிட ஒரு முழம் உயரம். விட்ட தண்ணீர் கேட்டுக்கு அடியில் நுழைந்து திரும்பி வந்துவிடும். அதனால் ஹபீப் பாய் குழாயை உறைகிணற்றுக்குள் விட்டார். சேகரிப்புக்குச் சேகரிப்பும் ஆச்சு. மோட்டார் மூன்று மணி நேரம் ஓடியது. பேஸ்மென்டில் தண்ணீர் ஓர் அங்குலம்கூடக் குறையவில்லை.

ஷகீலா துணிக்குப் போடுகிற சொட்டு நீலத்தை எடுத்துவந்து அரைப் புட்டியை உறைகிணற்றில் ஊற்றினாள். அரை மணியில் பேஸ்மென்ட் சுவர் இளநீலமாக அழுதது.

"காலைலேர்ந்து ஒரே தண்ணியத்தான் சுத்தி விட்டுக்கிட்டு இருக்கோம்" என்றாள். "தண்ணிக்கு நல்ல உலா. கரண்டு நம்முது."

பாஷாவுக்குப் போன் போனது. தலையில் பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொண்டு, தன் மூன்று சக்கர வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து சேர்ந்தார். கீழே இறங்கி எட்டிப் பார்த்தார்.

"இன்னா பாய், தண்ணி கீது."

"கீதுன்னு எனக்கும் தெரியும். கிணத்த தள்ளி வை. பத்தடி."

"பத்தெல்லாம் கட்டாது பாய். மூணரை."

"யோவ், நீதான்யா பத்து சொன்ன."

"அது ஆகஸ்டு. மூணுக்கு கை குடுத்தீங்க. குடுத்த கைய பின்னால இழுக்கறது நம்ம லைன்ல இல்ல. உங்களுக்கோசரம் அரையடி ஏத்தறேன்."

"எட்டு."

"நாலு. அதுவே எனக்கு கையக் கடிக்கும்."

எட்டுக்கும் நாலுக்கும் நடுவில் இருவரும் மளமளவென்று இறங்கிக்கொண்டும் ஏறிக்கொண்டும் இருந்தார்கள். கணுக்கால் தண்ணீரில் நின்றபடி ஆறரையில் கை கொடுக்கப் போகிற சமயத்தில் ஷகீலா குறுக்கிட்டாள். "இந்த மழைல எப்படி பாஷா பாய் தோண்டுவீங்க?"

பாஷா பிளாஸ்டிக் பையைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

"தோண்ட முடியாதுதான்" என்றார். பிறகு மேலே வந்து, மதில் சுவருக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டினார். "அத்த பாருங்க. ப்ரொபசர் வூட்டுக் கெணறு. அம்பதடி ஆழம், காஞ்சு கெடக்குது. உங்க மாடித் தண்ணிய பைப் போட்டு செவுத்து மேல அங்க திருப்பிட்டா, உறைக்கு வரத்து நின்னுடும். மோட்டார் தண்ணியையும் அங்கியே விடுங்க. சாயங்காலத்துல எறங்கிடும். பைப்பு வண்டிலயே கீது."

"எவ்ளோ தூரம்?"

"முப்பத்தஞ்சு அடி இருக்கும்."

ஹபீப் பாயின் உதடு 'இருபது' என்பதற்காகத் திறந்தது. ஷகீலா அவர் மணிக்கட்டைப் பிடித்து நெரித்தாள். வளையல் தடம் விழுந்தது. உதடு மூடிக்கொண்டது.

பக்கத்து வீட்டு சுப்பராமன் கல்லூரியில் புள்ளியியல் நடத்தி ஓய்வு பெற்றவர். ஓய்வுக்குப் பிறகு பாட்டு கற்றுக்கொண்டார். பன்னிரண்டு வருடமாகப் பாடுகிறார். எந்த சபாவும் இதுவரை கூப்பிடவில்லை. கேட்க ஆள் கிடைப்பதில்லை என்பது தெரு அறிந்த விஷயம். மகன் அனிருத் வேலைக்கு அருகில் இருக்கட்டும் என்று நங்கநல்லூருக்குக் குடிபோனான். வேலை மயிலாப்பூரில்தான். மனைவி நீரஜா, அவர் சுருதிப் பெட்டியைத் திறக்கிற சத்தம் கேட்டால் மிக்ஸியைப் போட்டுவிடுவாள்.

ஹபீப் பாய் சொட்டச் சொட்ட அவர் கூடத்தில் போய் நின்றார். நேராகக் கேட்பது வியாபாரம் ஆகாது என்பதால், விற்கிற மாதிரி ஆரம்பித்தார்.

"சார், உங்க கிணறு காஞ்சு கெடக்கறதப் பாத்தா மனசு கேக்கல. நல்ல மழைத்தண்ணி, மாடிலேர்ந்து நேரா எறங்கறது. வேற யாராச்சும்னா யோசிப்பேன். உங்களுக்குன்னா தர்றேன்."

"கிணத்துல ஜலம் வேணும்னு நான் யார்கிட்டயும் கேக்கலியே, பாய்" என்றார் சுப்பராமன்.

"வெயில் காலத்துல உபயோகப்படும்."

"வெயில் காலத்துல கேக்கறேன்."

மதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஷகீலாவின் குரல் வந்தது. "என்னங்க, மெத்தையத் தொட இன்னும் நாலு விரல்தான் இருக்கு."

சுப்பராமனுக்கு நிலைமை புரிந்துவிட்டது. புள்ளியியல்காரருக்கு அதற்கு மேல் தரவு தேவையில்லை. ஹபீப் பாயும் வேஷத்தைக் கலைத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னார். நல்ல மெத்தை ஒன்று தருகிறேன் என்றார். இடுப்பு வலிக்கு டாக்டர் பலகையில் படுக்கச் சொல்லியிருப்பதாக சுப்பராமன் சொன்னார். வாடகை தருகிறேன் என்றார் ஹபீப் பாய். பென்ஷன் போதும் என்றார் சுப்பராமன்.

"அப்ப நீங்களே சொல்லுங்க சார். இன்னா வேணும்?"

சுப்பராமன் சுருதிப் பெட்டி இருந்த மூலையைப் பார்த்தார். "மூணு மணி நேரம்" என்றார். "உக்காந்து என் பாட்டைக் கேக்கணும். முழுக் கச்சேரி. நடுவுல எழுந்து போகப்படாது."

சமையலறையிலிருந்து நீரஜா எட்டிப் பார்த்தாள். "பாய், யோசிச்சுக்கோங்கோ. ஜலமே தேவலை."

"ஒரு மணி நேரம் சார்" என்றார் ஹபீப் பாய்.

"மூணு."

"ஒண்ணரை. ஷகீலாவையும் கூட்டிட்டு வர்றேன். ரெண்டு பேரு, ஒண்ணரை ஒண்ணரை. கூட்டினா மூணு."

"அது ஆள்-மணி. நான் கேட்டது மணி. ரெண்டும் வேற யூனிட்."

"ரெண்டு மணி நேரம். கடைசி பேச்சு. நடுவுல ஆஹாங்கறேன்."

"நான் பேரம் பேசறதில்லை, பாய். மூணு."

அப்போது ஹபீப் பாய் தன் குலத்தொழிலின் கடைசி ஆயுதத்தை எடுத்தார். கைக்குட்டையை உதறித் தோளில் போட்டுக்கொண்டு திரும்பினார். செருப்பை மாட்டினார். மெதுவாக மாட்டினார், அதற்கென்று ஒரு கணக்கு உண்டு. வாசல் தாண்டிப் படி இறங்கினார். எந்த ஊர்க் கடையாக இருந்தாலும் வாங்க வந்தவர் மூன்றாவது படியில் கால் வைப்பதற்குள் பின்னாலிருந்து குரல் வந்தாக வேண்டும். அவர் அப்பாவுக்கு வந்தது. அவர் பாட்டனாருக்கு இரண்டாவது படியிலேயே வந்தது. ஹபீப் பாய் மூன்றாவது படியில் நின்றார். பிறகு நடைபாதையில் நின்றார். கேட் வரைக்கும் போய், கணுக்கால் தண்ணீரில், கேட் தாழ்ப்பாளில் ஏதோ கோளாறு இருப்பது போல அதை நாலு தரம் ஆட்டிக்கொண்டு நின்றார்.

உள்ளே கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. சாரல் அடிக்கிறதே என்று சாத்தியிருக்கிறார்கள்.

"ரெண்டு விரல்" என்றாள் மதிலுக்கு அப்பாலிருந்து ஷகீலா.

எழுந்து போனவன் தானாகத் திரும்பி வந்தால் சொன்ன விலைதான். அதில் காலணா குறையாது. இது அவருக்குத் தெரியும். தன் கடைக்கு அப்படித் திரும்பி வந்த எத்தனையோ பேரின் முகத்தை அவர் ரசித்திருக்கிறார். இப்போது அந்த முகத்தைத் தானே போட்டுக்கொண்டு போய்க் கதவைத் தட்டினார். நீரஜா திறந்தாள்.

"மூணு" என்றார் ஹபீப் பாய். சொல்லி முடித்ததும் நாக்கில் ஏதோ கசந்தது.

பாஷா பைப்பை மதில்மேல் போட்டுக் கயிற்றால் கட்டினார். மாடித் தண்ணீர் சுப்பராமனின் கிணற்றுக்குள் ஐம்பதடி விழுகிற ஓசை கூடம் வரை வந்தது. சுவர்க் கடிகாரம் மூன்று அடித்தது. சுப்பராமன் பட்டுக்கரை வேட்டி கட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். எதிரே, துண்டைப் போர்த்திக்கொண்டு, பிறந்ததிலிருந்து முதல் தடவையாக முழு விலை கொடுத்த ஹபீப் பாய் உட்கார்ந்திருந்தார்.

பாட்டு எப்படி இருந்தது என்று சொல்ல அவருக்குத் தெரியாது. குரல் சில இடங்களில் ஏறியது; ஏறிய இடத்திலிருந்து இறங்க வழி தெரியாமல் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது. கிணற்றின் இரைச்சல் கேட்கிற வரைக்கும் அவருக்கு எல்லாம் நல்ல பாட்டுதான்.

நாலே முக்காலுக்கு சுப்பராமன் தொண்டை கட்டியது. இருமினார். வெந்நீர் குடித்தார். சுருதிப் பெட்டியை அணைக்கக் கை நீட்டினார்.

"போறும் பாய். மீதியை இன்னொரு நாள் வெச்சுப்போம்."

ஹபீப் பாய் துண்டை இறுக்கிக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். பாதி கொடுத்து நிறுத்திய பேச்சு எந்தக் கடையிலும் பேச்சாகாது; இரண்டு பேரில் யார் வேண்டுமானாலும் கையை உதறிக்கொள்ளலாம். மனிதர் ராத்திரி தூங்கி எழுந்து, மூன்று மணி நேரம் ஆகவில்லையே என்று காலையில் பைப்பைக் கழற்றி வீசினால்? மழை இன்னும் ஒரு நாள் இருக்கும் என்று ரேடியோவில் சொல்லியிருந்தார்கள். லாரிக்கு இன்னும் இரண்டு நாள். இது ஒரு பக்கம். வாழ்நாளில் முதல் தடவையாகச் சொன்ன விலைக்குச் சம்மதித்துவிட்டு, மூன்று மணி நேரச் சரக்கில் ஒன்றே கால் மணி குறைத்து வாங்கிக்கொண்டு போவதா என்பது இன்னொரு பக்கம். உண்மையைச் சொன்னால் அதுதான் அதிகமாக வலித்தது.

"சார், பேசினது மூணு. இப்ப ஒண்ணே முக்கால்தான் ஆச்சு."

"தொண்டை கட்டிண்டுடுத்து. ரெண்டு மணின்னு வெச்சுக்கப்படாதா?"

"படாது சார்."

"ரெண்டே கால்."

"மூணு."

"அக்கம்பக்கம் இருக்கறவா ஒருத்தருக்கொருத்தர் விட்டுக்குடுக்கறதில்லையா?"

"அதுக்குத்தான் உக்காந்திருக்கேன். பாடுங்க."

நீரஜா மிளகும் பனங்கற்கண்டும் தட்டிப் போட்ட பாலோடு வந்தாள். டம்ளரைக் கணவர் பக்கம் வைத்துவிட்டு, பன்னிரண்டு வருடத்தில் முதல் தடவையாகக் கூடத்திலேயே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். இந்தக் காட்சியை விட்டுவிட அவளுக்கு மனசில்லை. "ஏன், பாடுங்கோளேன்" என்றாள். "நன்னா கேக்கறாரே மனுஷர்."

சுப்பராமன் பாடினார். குரல் போய்க் காற்று மட்டும் வந்தது. தொடையில் போட்ட தாளம்தான் அதைவிடப் பலமாகக் கேட்டது. ஒரு தட்டு, மூன்று விரல், தட்டு, வீச்சு, தட்டு, வீச்சு. கேட்க ஒன்றும் இல்லாததால் ஹபீப் பாய் அதை எண்ண ஆரம்பித்தார். எட்டு. திரும்ப எட்டு. மெத்தைக்குத் தையல் எண்ணிப் பழகிய கண் அது, தானாக எண்ணும். எட்டு, எட்டு, ஏழு. மறுபடி எட்டு, எட்டு, ஏழு.

கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார். முடியவில்லை.

"சார், ஒண்ணு கொறையுது."

"என்ன?"

"எட்டு எட்டா வருது. மூணாவதுக்கு மூச்சு வாங்கறீங்க பாருங்க, அங்க ஏழுதான் போடறீங்க. ரெண்டு தடவ பாத்துட்டேன். கடைசி வீச்சு வரல."

சுப்பராமன் கை தொடைமேல் அப்படியே நின்றது. மனதுக்குள் பாடிக்கொண்டு ஒருமுறை போட்டுப் பார்த்தார். இன்னொரு முறை போட்டுப் பார்த்தார். அவர் முகத்தில் என்ன தெரிந்தது என்று நீரஜாவுக்கும் விளங்கவில்லை.

"பன்னண்டு வருஷமா யாரும் சொல்லலையே இதை" என்றார்.

"யாரு கேட்டா, சொல்றதுக்கு?" என்றாள் நீரஜா.

மதிலுக்கு அப்பாலிருந்து ஷகீலா கூப்பிட்டாள். "என்னங்க, தண்ணி எறங்கிடுச்சு. ரெண்டு வரிசை செங்கல் தெரியுது. மெத்தைய தொட்டுப் பாத்துட்டேன், ஒண்ணும் ஆகல. வந்துடுங்க."

ஹபீப் பாய் கடிகாரத்தைப் பார்த்தார். ஐந்து முப்பத்தைந்து.

"இருபத்தஞ்சு நிமிஷம் இருக்கு" என்று ஜன்னல் பக்கம் குரல் கொடுத்தார். "நீ மோட்டார மட்டும் பாத்துக்க."

பிறகு துண்டை இழுத்துப் போர்த்திக்கொண்டு, வலது கையைத் தொடையில் வைத்துத் தயாராக உட்கார்ந்தார்.

"எண்ணறேளா?" என்று காற்றுக் குரலில் கேட்டார் சுப்பராமன்.

"எண்ணிக்கிட்டுதான் இருக்கேன். நீங்க பாடுங்க."